கட்டிங் வச்சாச்சு, இனி தண்ணி எப்படி ஊத்துறது?

மல்லி, செம்பருத்தி, ரோஸ், இட்லிப்பூ எதுவா இருந்தாலும் குச்சிய வெட்டி சொருகுற வரைக்கும் எல்லாரும் ஒழுங்காதான் பண்றாங்க, அதுக்கப்புறம் காலைல ஒரு சொம்பு சாயந்தரம் ஒரு சொம்புன்னு ஊத்தி ஊத்தி ரெண்டு வாரத்துல அடிய கருக்க விட்டுட்டு எனக்கு கைராசி இல்லைனு சொல்லிடுறாங்க. கைராசி எல்லாம் ஒண்ணும் இல்லீங்க, தண்ணி ஜாஸ்தி, அவ்ளோதான்.

வேர் இல்லாத குச்சியால மண்ணுல இருக்கற தண்ணிய பெருசா எடுக்க முடியாது, வெட்டுன அடி வழியா கொஞ்சம் ஏறும். ஆனா மேல இருக்கற இலை ஈரத்த காத்துல விட்டுக்கிட்டேதான் இருக்கும். அதனால இலை வாடுதேன்னு மண்ணுல ஊத்துறதுல பிரயோஜனமே இல்ல, இலைய சுத்தி இருக்கற காத்துதான் ஈரமா இருக்கணும். மண்ணு சொதசொதன்னு இருந்தா உள்ள காத்து போகாது, காத்து இல்லைனா வேரும் வராது, பூஞ்சை மட்டும் வந்துரும். நர்சரில மிஸ்ட் சேம்பர்னு ஒரு ரூம் போட்டு புகை மாதிரி தண்ணி தெளிக்கிறது இதுக்குத்தான். நமக்கு அது வேணாம், ரெண்டு லிட்டர் வாட்டர் பாட்டில் அடிப்பக்கத்த வெட்டிட்டு குச்சி மேல கவுத்துட்டா போதும். இலையும் ரெண்டு மூணுக்கு மேல விடாதீங்க, பெரிய இலைன்னா பாதியா கத்தரிச்சிடுங்க, மொட்டு இருந்தா கிள்ளிடுங்க.

குச்சி நடுற கலவைக்கு பாதி கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பாதி மணல், போதும். உரம், சாணி எதுவும் இப்போ வேணாம். கோகோபீட் கட்டில உப்பு இருக்கும், ரெண்டு மூணு தடவ தண்ணில ஊறப்போட்டு பிழிஞ்சிட்டு யூஸ் பண்ணுங்க. நடுற கப்புக்கு அடில கட்டாயம் ஓட்டை இருக்கணும்.

முதல் நாள் மட்டும் அடி ஓட்டை வழியா வழியற அளவுக்கு ஊத்தி நல்லா வடிய விட்டுடுங்க. அதுக்கப்புறம் கலவை புட்டு மாவு பதத்துலயே இருக்கணும், அதாவது கையில புடிச்சா நிக்கணும், பிழிஞ்சா தண்ணி சொட்டக்கூடாது. தினமும் காலைல பாட்டில் உள்பக்கம் பாருங்க, முத்து முத்தா தண்ணி கோத்திருந்தா அன்னிக்கு ஒரு சொட்டு கூட வேணாம். கோக்கலைன்னா கப்ப தூக்கி பாருங்க, முந்தி இருந்ததுக்கு லேசா தெரிஞ்சா ஒரு தட்டுல தண்ணி விட்டு அதுல கால் மணி நேரம் கப்ப வச்சு எடுத்துடுங்க, கீழ இருந்து தேவையானத அதுவே இழுத்துக்கும். மேல இருந்து ஊத்துனா குச்சி ஆடும், ஆடுனா புதுசா வர்ற நுனி வேர் ஒடிஞ்சிரும்.

பாட்டில் கவுத்ததும் வெயில்ல வச்சிடாதீங்க, உள்ள வெந்துரும். சன்ஷேடுக்கு கீழ வெளிச்சம் இருக்கற, வெயில் நேரா படாத இடம் சரியா இருக்கும். தினம் ஒரு பத்து நிமிஷம் திறந்து காத்து விடுங்க, உதிர்ந்த இலைய உடனே எடுத்துடுங்க, பூசணம் அதுலதான் ஆரம்பிக்கும்.

போர் தண்ணி உப்பா இருக்கற ஏரியான்னா கட்டிங்குக்கு அது வேணாம், ஆர்ஓ மெஷின்ல இருந்து வெளிய போற வேஸ்ட் தண்ணி அதவிட மோசம், உப்பெல்லாம் அதுலதான் சேந்து வருது. மழைத்தண்ணி பெஸ்ட், ஏசி தண்ணியும் ஓகே. ஐப்பசி கார்த்திகை அடைமழைல கப்ப மொட்டை மாடில விட்டீங்கன்னா நீங்க பாத்து பாத்து ஊத்துனதெல்லாம் ஒரே ராத்திரில போச்சு, உள்ள எடுத்து வச்சிடுங்க. ஆடி மாசம் அப்படியே தலைகீழ், காத்து ஈரத்த உறிஞ்சிரும், பாட்டில் இல்லாம அப்போ வைக்கவே வேணாம்.

புதுத் துளிர் வந்துச்சுன்னா வேர் வந்துருச்சுன்னு முடிவு பண்ணாதீங்க. குச்சிக்குள்ள இருக்கற சத்த வச்சே துளிர்க்கும், வேர் வரலைன்னா அந்த துளிர் அப்புறம் கருகிடும். இழுத்து பாக்குறதும் வேணாம். ட்ரான்ஸ்பரன்ட் கப்புல நட்டு, வெளிச்சம் படாம இருக்க அத இன்னொரு பேப்பர் கப்புக்குள்ள இறக்கி வச்சிடுங்க, வேணும்ங்கறப்போ தூக்கி பாத்துக்கலாம். கற்பூரவள்ளி ஒரு ரெண்டு வாரத்துல விட்டுரும், செம்பருத்தி, மல்லி, ரோஸுக்கெல்லாம் ஒரு மாசம் ஒன்றரை மாசம் பொறுக்கணும்.

வேர் கப்பு ஓரத்துல நல்லா தெரிஞ்சதும் பாட்டில டக்குனு எடுத்துடாதீங்க, முதல்ல ஒரு மணி நேரம், அப்புறம் அரை நாள்னு ஒரு வாரத்துல பழக்கி எடுங்க. மண்ணு போட்ட சின்ன பைக்கு மாத்துன பிறகுதான் தண்ணி ரூல் மாறுது, இப்போ நிறைய ஊத்தி, மேல் மண்ணு காஞ்சதும் மறுபடி ஊத்தணும். ஒரு ரெண்டு மூணு வாரம் கழிச்சு உரம், அதுவும் நீர்க்க.

முருங்கைப் போத்து (நடுறதுக்கு வெட்டுன தடிச்ச கிளை), பெருங்கள்ளி இதுக்கெல்லாம் மேல சொன்ன பாட்டில் வேலையே ஆகாது. கள்ளிச்செடி மாதிரி பால் வடியறத கண்ணுல கையில படாம வெட்டி, நிழல்ல சில நாள் காய விட்டு, வெட்டுன இடம் மூடுன பிறகு நட்டு, ரொம்ப கம்மியா ஊத்துங்க. போத்துக்கும் தண்ணி தேங்காத இடமா இருக்கணும், மேல் நுனில சாணி அப்பிட்டா அது வழியா காயாது.

மனி பிளான்ட், கற்பூரவள்ளி மாதிரி செடிய வெறும் தண்ணி பாட்டில்ல வைக்கிறவங்க ரெண்டு மூணு நாளைக்கு ஒருக்கா தண்ணிய மாத்திட்டு பாட்டிலையும் உள்ள தேய்ச்சு கழுவுங்க, டெங்கு கொசு நல்ல தண்ணிலயும் முட்டை போடும். பாட்டில் வாய்ல குச்சிய சுத்தி பஞ்சு வச்சு அடைச்சிட்டா இன்னும் சேஃப்.