மீனவர் ஊர்ச் சுவரில் ஆவுளியா வரைவது எப்படி

பாக் விரிகுடாவில் 448 சதுர கி.மீ. பரப்பு 2022இல் ஆவுளியா எனப்படும் கடற்பசுவுக்கான காப்பகமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கரையோர ஊர்களில் ஓவியத்துக்கு ஏற்ற இடம், வலை இறக்கும் துறைக்கு எதிரேயுள்ள சுவர்.

முதல் எதிரி உப்பு. சுவரைச் சுரண்டி, நல்ல தண்ணீரில் இருமுறை கழுவி, மூன்று நாள் காயவிடுங்கள். புதுச் சிமெண்டுப் பூச்சானால் 28 நாள் பொறுக்க வேண்டும். உப்பு உள்ளே தங்கினால் வெண்மையாகப் பூத்து, பெயிண்டை உரித்துத் தள்ளும். வெளிச்சுவர் பிரைமர் ஒரு கை, எமல்ஷன் இரண்டு கை போதும். எனாமல் வேண்டாம், ஈரத்தை அடைத்துவிடும்.

10 அடிக்கு 6 அடிச் சுவர் என்றால் 10க்கு 6 அங்குலத் தாளில் வரைந்து, அடிக்கு ஒரு கட்டமாக நூலடித்துப் பெரிதாக்குங்கள். பலர் சறுக்குவது வாலில்தான்: ஆவுளியாவின் வால் ஓங்கிலுடையதுபோல் (டால்பின்) இரண்டாகப் பிளந்திருக்கும், துடுப்புபோல் உருண்டிருக்காது. முதுகுத்துடுப்பு கிடையாது. வாய் கீழ்நோக்கியிருக்கும், கடற்புல் மேய்வதால். இதில் பிசகினால் கடலறிந்தவர்கள் படத்தை நம்பமாட்டார்கள்.

ஓரத்தில் ஒரே வரி, பெரிய எழுத்தில்: “மூச்சுக்கு மேலே வரும். வலையில் சிக்கினால் உடனே வலையை அறுத்து விடுவியுங்கள்.” கீழே உள்ளூர் வனச்சரக அலுவலக எண். தூரிகையைக் கடலில் கழுவவே கூடாது.