போன் அலறும்போது நாம் செய்யும் தப்புகள்

இரவு பதினொன்றே முக்கால். போனை சைலண்டில் போட்டுவிட்டுப் படுத்தாயிற்று. திடீரென்று அது அலறுகிறது. வழக்கமான ரிங்டோன் இல்லை, காதைக் கிழிக்கிற ஒரு சத்தம், கூடவே அதிர்வு. கண்ணைத் திறக்காமலே கை போகிறது. திரையில் ஏதோ ஒரு பெட்டி, கீழே 'சரி' என்று ஒரு பட்டன். அமுக்கியதும் சத்தம் நிற்கிறது. அப்பாடா. பெட்டியில் என்ன எழுதியிருந்தது? தெரியாது. அடுத்து குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போய் "உங்களுக்கும் வந்துச்சா?" என்று ஒரு கேள்வி. ஆறு பேர் "ஆமா" என்கிறார்கள், ஒருவர் சிரிக்கிற பொம்மை போடுகிறார். ஒருவர்கூட வாசித்திருக்கவில்லை.

எச்சரிக்கை அமைப்பு என்றதும் நமக்கு சாட்டிலைட், ராடார், கடலடியில் வைத்திருக்கும் கருவிகள் என்றுதான் நினைப்பு போகும். அதெல்லாம் இருக்கிறது, பல நேரம் ஒழுங்காக வேலையும் செய்கிறது. ஆனால் பழைய பேரிடர்களைப் புரட்டிப் பார்த்தால், சங்கிலி திரும்பத் திரும்ப அறுந்த இடம் காதுக்கும் காலுக்கும் நடுவில் இருக்கிறது. செய்தி காதுக்கு வந்துவிட்டது, கால் நகரவில்லை.

அது எஸ்எம்எஸ் இல்லை

பாதித் தப்பு இங்கேதான் ஆரம்பிக்கிறது. எஸ்எம்எஸ் ஒவ்வொரு நம்பருக்கும் தனித்தனியாகப் போக வேண்டும், லட்சம் பேருக்கு என்றால் லட்சம் தடவை, அதுவும் ஊரே பதறிப்போய் ஒருவருக்கொருவர் போன் போட்டு நெட்வொர்க் திணறுகிற நேரத்தில். போனை அலற வைப்பது செல் பிராட்காஸ்ட் என்ற வேறு முறை. டவர் ஒரே தடவை பரப்புகிறது, ரேடியோ நிலையம் மாதிரி. அந்த டவரின் எல்லைக்குள் ஆன் ஆகியிருக்கிற, இந்த வசதி உள்ள போன்கள் எல்லாம் அதைப் பிடித்துக்கொள்கின்றன. உங்கள் நம்பர் யாரிடமும் இருக்க வேண்டியதில்லை. நெட் வேண்டாம், பேலன்ஸ் வேண்டாம். "என் நம்பர் இவங்களுக்கு எப்படிக் கிடைச்சது, என்னைக் கண்காணிக்கிறாங்களா" என்று சந்தேகப்பட்டு அமைப்பையே அணைத்து வைக்கிறவர்கள் இதைத் தெரிந்துகொண்டால் போதும்: டவருக்கு உங்கள் பெயர்கூடத் தேவைப்படவில்லை.

ஃப்ளைட் மோடில் போட்டுவிட்டுத் தூங்கினால் எதுவும் வராது. சைலண்டில் இருந்தால் பரவாயில்லை, உச்சகட்ட எச்சரிக்கைகள் பெரும்பாலான போன்களில் அதையும் மீறி அலறும். சோதனைச் செய்திகள் தொல்லை தருகின்றன என்று கடுப்பாகி எல்லாவற்றையும் அணைத்துவிடுவது ரொம்பப் பொதுவான தப்பு. பல போன்களில் சோதனைக்குத் தனி ஸ்விட்ச் இருக்கிறது, அதை மட்டும் அணைக்கலாம். அப்புறம், அந்தப் பெட்டியை வாசிக்காமல் மூடிவிட்டால் செய்தி தொலைந்துபோனது என்று அர்த்தமில்லை. ஆண்ட்ராய்டில் அவசர எச்சரிக்கை அமைப்புகளுக்குள் பழைய எச்சரிக்கைகளின் பட்டியல் இருக்கும், ஐபோனில் அறிவிப்புகள் பக்கத்தில் கிடக்கும். இது எங்கே இருக்கிறது என்று சும்மா இருக்கிற ஒரு நாளில் ஒரு தடவை தேடிப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. எனக்கு வரவில்லை, அதனால் எனக்கு ஆபத்தில்லை என்பதும் தப்பு. எனக்கு வந்தது, அதனால் எனக்கு ஆபத்து என்பதும் எப்போதும் சரியாக இருக்காது. டவரின் எல்லையும் ஆபத்தின் எல்லையும் கோடு போட்ட மாதிரி ஒன்றாக இருப்பதில்லை. 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் காட்டுத்தீயின்போது ஒரு சிறு பகுதிக்குப் போயிருக்க வேண்டிய வெளியேற்ற எச்சரிக்கை, தவறுதலாக மாவட்டம் முழுக்க, ஏறக்குறைய ஒரு கோடிப் பேருக்குப் போய்விட்டது. அதனால் செய்தியில் எந்த இடத்தின் பெயர் இருக்கிறது என்று பார்ப்பதுதான் முதல் வேலை.

சைரன் என்ன சொல்கிறது?

சைரன் ஒன்றுமே சொல்வதில்லை. அதுதான் அதன் பிரச்சினை. அது வெளியில் நிற்பவர்களை உள்ளே போகவோ, விவரம் தேடவோ தூண்டுவதற்காக வைக்கப்பட்டது. ஜன்னல் சாத்தி, மின்விசிறி ஓடுகிற அறைக்குள் தூங்குகிறவரை எழுப்பும் என்று நம்பியிருப்பது சரியில்லை.

சைரன் எப்படிக் கோட்டை விடும் என்பதற்கு ஹவாய் தீவின் ஹிலோ நகரத்தை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து இல்லை. 1960 மே 22 அன்று சிலியில் 9.5 அளவுக்கு நிலநடுக்கம், இதுவரை பதிவானவற்றில் அதுதான் மிகப் பெரியது. சுனாமி பசிபிக் கடலைத் தாண்டி ஹவாய் வந்து சேர பதினைந்து மணி நேரம் ஆகும், எச்சரிக்கை தாராளமாகக் கிடைத்தது. ஹிலோவில் இரவு எட்டரை மணி வாக்கில் சைரன் ஊதியது. ராட்சத அலை அடித்தது நள்ளிரவு தாண்டி ஒரு மணிக்கு. நாலு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தும் 61 பேர் இறந்தார்கள். சைரனைக் கேட்டார்கள், கேட்காமல் இல்லை. முன்பெல்லாம் சைரன் கட்டம் கட்டமாக ஊதும். அந்த முறையை மாற்றியிருந்தார்கள், மாற்றியது எல்லோருக்கும் புரிந்திருக்கவில்லை. சிலர் இது முதல் அறிவிப்புதான், அடுத்தது வரட்டும் என்று காத்திருந்தார்கள். சிலர் முதலில் வந்த சின்ன அலைகளைப் பார்த்துவிட்டு, இவ்வளவுதானா என்று திரும்பி வந்தார்கள்.

அதே ஹவாயில், மாவி தீவில், 2023 ஆகஸ்டில் லஹைனா நகரம் எரிந்தபோது சைரனே ஊதவில்லை. ஏன் என்று கேட்டதற்கு, சைரன் ஊதினால் சுனாமி என்று நினைத்து மக்கள் மலைப்பக்கம், அதாவது தீ இருந்த பக்கமே ஓடியிருப்பார்கள் என்று பொறுப்பில் இருந்த அதிகாரி சொன்னார். மறுநாளே பதவி விலகினார். நூறு பேருக்கு மேல் இறந்த ஊர் அது. அவர் செய்தது சரியா தப்பா என்று ஒரு பக்கம் சண்டை நடக்கட்டும், ஒரு சத்தத்துக்கு என்ன அர்த்தம் என்று முன்கூட்டியே பேசி வைக்காத இடத்தில் அந்தச் சத்தத்தை எழுப்பவும் பயம், எழுப்பாமல் இருக்கவும் பயம். நீங்கள் இருக்கிற இடத்தில் சைரன் இருந்தால், எது ஏறி இறங்கும் ஊதல், எது ஒரே சீரான ஊதல், எதற்கு என்ன பொருள் என்று கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

"பக்கத்து வீட்டுக்காரங்க கிளம்பலையே"

எச்சரிக்கை கேட்டதும் மக்கள் கண்மண் தெரியாமல் ஓடுவார்கள் என்று சினிமா காட்டுகிறது. நடப்பது நேர் எதிர். டென்னிஸ் மிலெட்டி என்ற அமெரிக்கச் சமூகவியலாளர் பல பத்தாண்டுகளாக இதையே ஆராய்ந்தவர். அவரும் மற்றவர்களும் கண்டது, மக்கள் முதல் எச்சரிக்கைக்கு அநேகமாக நகர மாட்டார்கள், நாலு பேரிடம் கேட்பார்கள், டிவி போடுவார்கள், வாசலுக்கு வந்து வானத்தைப் பார்ப்பார்கள். 2011 மே 22 அன்று மிசூரி மாநிலத்தின் ஜோப்ளின் நகரத்தை டொர்னாடோ என்ற சுழல்காற்று தாக்குவதற்குச் சுமார் இருபது நிமிடம் முன்பே சைரன் ஊதியது. அடிக்கடி ஊதிப் பழகிப்போனதால் பலர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, இரண்டாவது மூன்றாவது உறுதிப்பாட்டுக்காகக் காத்திருந்தார்கள் என்று வானிலைத் துறையின் ஆய்வே பதிவு செய்தது. 150 பேருக்கு மேல் இறந்தார்கள்.

உறுதிப்படுத்திக்கொள்வதைத் தப்பு என்று சொல்ல மாட்டேன், மனித இயல்பு அது. தப்பு அதற்கு எடுத்துக்கொள்கிற நேரத்திலும், கேட்கிற ஆளிலும் இருக்கிறது. குடும்பக் குழுவில் இருக்கும் ஆறு பேருக்கும் உங்களுக்குத் தெரிந்ததைவிட அதிகம் தெரியாது. வேறொரு அதிகாரபூர்வ வழியில், வானிலைத் துறை பக்கமோ ரேடியோவோ, ஒரே ஒரு தடவை பாருங்கள். அதையும் செருப்பு மாட்டிக்கொண்டே பாருங்கள், உட்கார்ந்துகொண்டு வேண்டாம். எல்லோரும் மற்றவர் கிளம்பட்டும் என்று காத்திருக்கிற தெருவில் யாராவது ஒருவர் பையோடு வெளியே வந்தால் போதும், நாலு கதவு திறக்கும்.

முதல் செய்தியில் வருகிற எண்

2011 மார்ச் 11, ஜப்பான். உலகத்திலேயே நல்ல சுனாமி எச்சரிக்கை அமைப்பு என்று சொல்லத்தக்கது அவர்களுடையது. நிலநடுக்கம் வந்த மூன்றே நிமிடத்தில் எச்சரிக்கை போய்விட்டது. ஆனால் நிலநடுக்கத்தின் அளவை முதலில் 7.9 என்று கணித்திருந்தார்கள், உண்மையில் அது 9.0. அதனால் இவாத்தே, ஃபுகுஷிமா கடற்கரைகளுக்கு 3 மீட்டர் அலை என்று முதல் செய்தி சொன்னது. மூன்று மீட்டர்தானே, நம் தடுப்புச் சுவர் அதைவிட உயரம் என்று சிலர் இருந்துவிட்டார்கள். பிறகு 6 மீட்டர், 10 மீட்டருக்கு மேல் என்று திருத்தினார்கள், ஆனால் மின்சாரம் போய்விட்டதால் திருத்தம் பலருக்குப் போய்ச் சேரவில்லை.

இதிலிருந்து ஜப்பான் செய்த மாற்றம் எனக்கு ரொம்பப் பிடித்தது. 2013 முதல், பிரம்மாண்ட நிலநடுக்கம் என்று சந்தேகம் இருந்தால் முதல் எச்சரிக்கையில் மீட்டர் கணக்கையே சொல்வதில்லை. 'மிகப் பெரியது' என்று மட்டும் சொல்கிறார்கள். எண் கொடுத்தால் மக்கள் கணக்குப் போடுவார்கள், சொல் கொடுத்தால் ஓடுவார்கள். முதல் செய்தியில் வருகிற எந்த எண்ணையும் தற்காலிகம் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். மழையளவோ காற்று வேகமோ புயல் கரை கடக்கும் நேரமோ, எல்லாமே மாறக்கூடியது.

திரும்பி வருவதிலும் இதே கதை. சுனாமி ஒற்றை அலை கிடையாது. பல மணி நேரம் விட்டு விட்டு வரும், முதல் அலைதான் பெரியது என்ற கட்டாயமும் இல்லை. புயலின் கண் கடக்கும்போது காற்று அடங்கி வானம்கூடத் தெளியும், பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும். 'நீங்கிவிட்டது' என்ற அறிவிப்பு தனியாக வரும், அது வரைக்கும் மேட்டில் இருங்கள்.

புலி வருது, புலி வருது

பொய் எச்சரிக்கை என்றதும் எல்லோரும் சொல்வது 2018 ஜனவரி 13, மறுபடியும் ஹவாய்தான். காலை எட்டு மணிக்குச் சற்று பிறகு, ஏவுகணை வருகிறது, உடனே பதுங்குங்கள், இது ஒத்திகை அல்ல என்று எல்லார் போனும் அலறியது. ஏவுகணை எதுவும் வரவில்லை. பணி மாறும் நேரத்தில் நடந்த ஒத்திகையை ஒரு ஊழியர் நிஜம் என்று நினைத்து அனுப்பிவிட்டார். திருத்தச் செய்தி அதே வழியில் போக 38 நிமிடம் ஆனது, ஏனென்றால் எச்சரிக்கையைத் திரும்பப் பெறுவதற்கு வார்ப்புரு எதுவும் தயாராக இல்லை. ஆளுநருக்குத் தன் ட்விட்டர் பாஸ்வேர்ட் ஞாபகம் வராமல் தாமதமானது தனிக் கதை.

இதைச் சொல்லி "இவனுங்களுக்கு இதே வேலை" என்று ஒதுக்குவது எளிது. ஆனால் வந்து, நடக்காமல் போன எச்சரிக்கைகளில் பெரும்பாலானவை இந்த மாதிரி பிழைகள் இல்லை. புயல் ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போயிருக்கும், அவ்வளவுதான். ஐம்பது கிலோமீட்டர் தள்ளிப் போன இடத்தில் இருப்பவரைக் கேட்டால் அந்த எச்சரிக்கை பொய்யா என்று சொல்வார்.

அனுப்புகிறவர்கள் செய்கிற பெரிய தப்பு இந்தப் பயத்தில்தான் பிறக்கிறது. பொய்யாகிவிடுமோ, பீதி கிளம்பிவிடுமோ என்று யோசித்துக்கொண்டே இருப்பார்கள். ஸ்பெயினின் வலென்சியாவில் 2024 அக்டோபர் 29 அன்று காலையிலேயே வானிலைத் துறை சிவப்பு எச்சரிக்கை கொடுத்துவிட்டது. மக்களின் போனுக்கு எச்சரிக்கை வந்தது இரவு 8.11க்கு. அதற்குள் பல ஊர்களில் தெருவில் வெள்ளம் ஓடிக்கொண்டிருந்தது. இருநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள்.

சில ஆபத்துகளில் எந்த அமைப்பாலும் நேரம் வாங்கித்தர முடியாது. நிலநடுக்க முன்னெச்சரிக்கை என்பது ஜோசியம் இல்லை. நிலத்துக்குள் வேகமாக வருகிற முதல் அதிர்வலையைக் கருவி பிடித்து, பின்னால் வருகிற பலமான அதிர்வலைக்கு முன்னால் செய்தியை ஓட்டுகிறது, அவ்வளவுதான். கிடைப்பது சில நொடிகள், மையத்துக்குப் பக்கத்தில் இருந்தால் அதுவும் இல்லை. அந்த நொடிகளில் மாடிப்படியில் ஓடுவது தப்பு, மேசைக்கு அடியில் குனிந்து தலையைக் காத்துக்கொள்வது சரி. கடற்கரையில் பலமாக, நீண்ட நேரம் ஆடினாலோ, கடல் திடீரென உள்வாங்கினாலோ, போன் அலறும் என்று நிற்கக்கூடாது. இந்தோனேசியாவின் சிமெலு தீவில் 2004இல் அலை வரப் பத்து நிமிடம்கூட இல்லை, எந்த எச்சரிக்கையும் வரவில்லை. 1907இல் சுனாமியில் பட்ட அனுபவத்தை அவர்கள் 'ஸ்மோங்' என்று பாட்டாகவும் கதையாகவும் சொல்லி வந்திருந்தார்கள். ஆடியதும் மலை ஏறினார்கள். ஏறக்குறைய 78,000 பேர் இருந்த தீவில் இறந்தவர்கள் ஏழு பேர்.

கடைசியாக, அந்த ஸ்க்ரீன்ஷாட். எச்சரிக்கை வந்ததும் பெட்டியைப் படம் பிடித்துக் குழுவில் போடுகிறோம், நல்ல எண்ணம்தான். ஆனால் அந்தப் படத்தின் மேல் ஓரத்தில் மணி இருக்கும், தேதி பல நேரம் இருக்காது. மூன்று மாதம் கழித்து யாரோ அதைத் திரும்ப எடுத்து விடுவார்கள், மணி பொருந்துகிற மாதிரி இருக்கும், ஊர் கிளம்பும். அனுப்பத்தான் வேண்டும் என்றால் படத்துக்குக் கீழே தேதி, இடம், எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி தட்டச்சு செய்து அனுப்புங்கள். முடிந்தால் போன் இல்லாத, காது சரியாகக் கேட்காத, அந்த மொழி தெரியாத பக்கத்து வீட்டுக்காரரின் கதவை முதலில் தட்டிவிட்டு அதைச் செய்யுங்கள்.