ஜிஎஸ்டி ஓடிபி யார் போனுக்குப் போனது?

சங்கரன்கோவிலில் பாத்திரக்கடை வைத்திருக்கிறேன். ஜிஎஸ்டி பார்த்துவந்தவர் ஊரைவிட்டே போய்விட்டார். பக்கத்துக் கடைகளில் விசாரித்துப் புது ஆடிட்டரைப் பிடித்தேன். ஆனால் ஜிஎஸ்டி தளத்தின் பாஸ்வேர்டை மாற்ற ஓடிபி வரவே இல்லை. சிம் கோளாறு என்று நான்கு நாள் அலைந்தேன்.

"பதிவு பண்ணும்போது யார் நம்பர் கொடுத்தீங்க அண்ணாச்சி?" என்றார் ஆடிட்டர். பழையவர் தன்னுடைய கைப்பேசி எண்ணையும் மின்னஞ்சலையுமே கொடுத்திருக்கிறார்!

சரி என்று மாநில அரசின் வணிகவரி அலுவலகம் போனால், நம் கோப்பு அங்கே இல்லை. ஜிஎஸ்டி தளத்தில் உள்ளே நுழையாமலே நம் பதிவு எண்ணைத் தேடலாம். நாம் மத்திய அலுவலகத்தின் கீழா, மாநில அலுவலகத்தின் கீழா என்று அதில் தெரியும். எனக்கு மத்திய அலுவலகம். அங்கே கடை ஆவணங்களோடு கடிதம் கொடுத்தேன். அதிகாரி என் எண்ணையும் மின்னஞ்சலையும் ஏற்றினார். தற்காலிக பாஸ்வேர்டு எனக்கே வந்தது. அன்றே ரிட்டர்ன் போட்டோம். அப்பாடா!