டைரக்டரியில் சேர்த்தால் கூகுளில் மேலே வருமா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

புதிதாக ஒரு வலைத்தளம் தொடங்கியதுமே, "நூற்றுக்கணக்கான டைரக்டரிகளில் (வலைத்தளங்களைப் பட்டியலிடும் தளங்களில்) உங்கள் தளத்தைச் சேர்த்துத் தருகிறோம், கூகுளில் முதல் பக்கம் நிச்சயம்" என்று மின்னஞ்சல் வந்துவிடும். தயவுசெய்து அதற்குப் பணம் கட்டாதீர்கள். தளம் நடத்துபவர்கள் செய்கிற தவறுகளில் இதுதான் பெரியது. இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று தெரிந்துகொண்டால், தவிர்ப்பது சுலபம்.

ஒரு காலத்தில் இது உண்மையாகவே பலன் தந்தது. 1994இல் யாஹூ தொடங்கியதே தளங்களை வகைபிரித்துத் தரும் டைரக்டரியாகத்தான். 1998இல் வந்த டிமோஸ் என்ற டைரக்டரியைத் தன்னார்வலர்கள் தொகுத்தார்கள். ஒவ்வொரு தளத்தையும் ஒருவர் திறந்து பார்த்து, சரியில்லை என்றால் நிராகரித்துவிடுவார். மற்ற தளங்களிலிருந்து வரும் லிங்குகளையும் பார்த்துத்தான் கூகுள் தரவரிசை போடுகிறது; அந்த நிராகரிப்பு இருந்ததால்தான் அங்கிருந்து கிடைத்த லிங்குக்கு மதிப்பு. கூகுளும் டிமோஸின் தொகுப்பை வைத்தே தன் டைரக்டரியை நடத்தியது. அப்புறம், யார் கேட்டாலும் சேர்த்துக்கொள்ளும் டைரக்டரிகள் பெருகின. லிங்க் விற்பதைத் தவிர அவற்றுக்கு வேறு வேலையே இல்லை. 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் முறையில் கொண்டுவந்த 'பெங்குவின்' என்ற மாற்றம் இப்படிப்பட்ட லிங்குகளை நம்பியிருந்த தளங்களைத் தேடல் முடிவுகளில் கீழே தள்ளியது. யாஹூ டைரக்டரி 2014 இறுதியிலும் டிமோஸ் 2017 மார்ச்சிலும் மூடப்பட்டன. தரமற்ற டைரக்டரி லிங்குகளைக் கூகுள் தன் ஸ்பேம் விதிகளில் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது.

அப்படியென்றால் எல்லா டைரக்டரியும் வீணா? இல்லை. அவசரப்பட்டு அந்த முடிவுக்கு வருவதும் தவறுதான். ஒரு டைரக்டரியைப் பார்க்கும்போது இரண்டு கேள்வி கேளுங்கள்: தகுதியில்லாத தளத்தை இவர்கள் மறுப்பார்களா? கூகுளே இல்லாவிட்டாலும் மக்கள் இங்கே வந்து தேடுவார்களா? தொழில் சங்கத்தின் உறுப்பினர் பட்டியல் பெரும்பாலும் இரண்டிலும் தேறிவிடும். அங்கே லிங்க் நோஃபாலோவாக (தரவரிசைக்குக் கணக்கிட வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறியோடு) இருக்கிறது என்பதற்காக ஒதுக்கிவிடாதீர்கள். தரவரிசைக்கு அது பெரிதாக உதவாமல் போகலாம், ஆனால் அந்த லிங்கைச் சொடுக்கி வருபவர் உண்மையான வாடிக்கையாளர்.

நேரடி முகவரி உள்ள தொழில்களுக்கு இதில் அக்கறை இன்னும் கூடுதலாக வேண்டும். உள்ளூர்த் தேடல் முடிவுகளைப் பொருத்தம், தூரம், பிரபலம் ஆகிய மூன்றை வைத்து முடிவு செய்வதாகக் கூகுள் சொல்கிறது. ஆகவே கூகுள் தேடலிலும் மேப்ஸிலும் உங்கள் தொழிலின் விவரங்களைக் காட்டும் கூகுள் பிசினஸ் புரொஃபைலை முதலில் முழுமையாக நிரப்புங்கள். பெயர்ப் பெட்டியில் தொழிலின் உண்மையான பெயர் மட்டும் போதும். "சிறந்த", "மலிவான" என்று தேடுசொற்களை ஒட்டவைப்பது விதிமீறல், புரொஃபைலே முடக்கப்படலாம்.

பலர் கவனிக்காமல் விடுவது பழைய பதிவுகளைத்தான். தொலைபேசி எண் மாறியிருக்கும், இடம் மாறியிருக்கும்; எப்போதோ சேர்த்த பட்டியல்களில் மட்டும் பழைய விவரமே கிடக்கும். அதை நம்பி அழைப்பவர் உங்களை அடையவே மாட்டார். புதிதாக ஐம்பது இடங்களில் சேர்ப்பதைவிட, ஏற்கெனவே இருக்கும் ஐந்தைத் திருத்துவது மேல் என்பது என் உறுதியான கருத்து.

ஏற்கெனவே மலிவான டைரக்டரிகளில் சேர்த்துவிட்டவர்கள் பதற வேண்டியதில்லை. 2016இல் பெங்குவின் மாற்றியமைக்கப்பட்ட பிறகு, இத்தகைய லிங்குகளைக் கூகுள் பெரும்பாலும் கணக்கில் எடுக்காமல் விட்டுவிடுகிறது. இந்த லிங்குகளைக் கணக்கில் எடுக்க வேண்டாம் என்று கூகுளிடம் சொல்ல டிஸவோ என்ற கருவி இருக்கிறது. கண்ணில் பட்ட லிங்கையெல்லாம் அதில் போட்டால், நல்ல லிங்குகளும் சேர்ந்து போய்விடும் ஆபத்து உண்டு. பெரும்பாலான தளங்களுக்கு அந்தக் கருவி தேவைப்படாது என்று கூகுளே சொல்கிறது. தள உரிமையாளர்களுக்காகக் கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில், விதிமீறலுக்காகக் கூகுள் எடுத்த நடவடிக்கைகளைக் காட்டும் 'மேனுவல் ஆக்ஷன்ஸ்' பகுதியைத் திறந்து பாருங்கள். செயற்கையான லிங்குகள் பற்றிய அறிவிப்பு அங்கே இருந்தால், முதலில் அந்த லிங்குகளை நீக்கக் கேளுங்கள். நீக்க முடியாதவற்றுக்கு மட்டும் டிஸவோ. அறிவிப்பு எதுவும் இல்லையென்றால் அப்படியே விட்டுவிடலாம்.