ஒரே அட்டையில் கூடுதல் வட்டங்கள் வெட்ட

துணியிலோ அட்டையிலோ வட்டம் வெட்டுபவர்கள் நேர்வரிசையாக வரையாமல் தேன்கூடு மாதிரி வரைந்து பாருங்கள். முதல் வரிசையின் இரண்டு வட்டங்களுக்கு நடுவில் விழும் பள்ளத்தில் அடுத்த வரிசை வட்டம் உட்கார வேண்டும். அப்போது வரிசைகள் நெருங்கி வரும். ஒரு வரிசையின் மையக்கோட்டிலிருந்து அடுத்த வரிசையின் மையக்கோட்டுக்கு விட்டத்தில் 0.87 பங்கு இடைவெளி போதும்.

100 செ.மீ. சதுர அட்டையில் 10 செ.மீ. வட்டங்கள் நேர்வரிசையில் 100 வரும். தேன்கூடு முறையில் 10, 9 என்று மாறி மாறி 11 வரிசைகள், மொத்தம் 105. அகலம் மட்டும் 5 செ.மீ. கூடினால் எல்லா வரிசையிலும் 10 விழுந்து 110 கிடைக்கும்! அட்டை வாங்கும்போதே இதைக் கணக்குப் பண்ணிக்கொள்ளுங்கள்.

சின்ன அட்டைக்கு இது சரிவராது. 30 செ.மீ. சதுரத்தில் நேர்வரிசையில் 9 வரும், தேன்கூட்டில் 8தான்.