பெயர் தெரியாத பொருளை ஸ்பானிய மொழியில் கேட்டு வாங்குவது எப்படி?

மெக்சிகோவில் ஹார்டுவேர் கடைக்கு 'த்லாப்பாலெரீயா' என்று பெயர். பழைய கடைகளில் ஆணி, பெயின்ட், பல்பு எல்லாம் கடைக்காரரின் முதுகுக்குப் பின்னால்தான் இருக்கும். நாமாக எடுக்க முடியாது. வாயைத் திறந்தாக வேண்டும். ஸ்பானிய மொழி கற்பவருக்கு இதைவிடக் கறாரான வாத்தியார் கிடைக்கமாட்டார். வணக்கமும் எண்களும் உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டே எழுதுகிறேன்.

முதல் படி: பொருள் கண்ணுக்குத் தெரிகிறதா? விரலை நீட்டி 'கோமோ சே யாமா எஸ்தோ?' (இதன் பெயர் என்ன?) என்று கேளுங்கள். அவ்வளவுதான்.

இரண்டாம் படி: பொருள் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் திணறி நின்ற இடம் இது. வகுப்பில் சொல்லித்தரும் 'கோமோ சே திசே?' (எப்படிச் சொல்வது? 'தினம்' என்பதில் வரும் 'தி'தான் இங்கேயும்) இங்கே உதவாது. அதோடு ஆங்கிலச் சொல்லைச் சேர்த்தால் கடைக்காரர் விழிப்பார், அல்லது அவரும் ஆங்கிலத்துக்குத் தாவிவிடுவார். ஆகவே பெயரை விட்டுவிட்டு, பொருள் செய்யும் வேலையைச் சொல்லுங்கள்.

'நெசெசீத்தோ உனா கோசா பாரா அப்ரிர் லாத்தாஸ்.' டின்களைத் திறக்க ஒரு பொருள் வேண்டும். உடனே பதில் வரும்: 'ஆ, உன் அப்ரெலாத்தாஸ்!' (ஆ, ஒரு டின் ஓப்பனர்!) நீங்கள் சொன்ன அப்ரிரும் லாத்தாஸும்தான் ஒட்டிக்கொண்டு பெயராகத் திரும்பி வந்திருக்கின்றன. தக்கையை எடுப்பது சாக்காகோர்ச்சோஸ். தண்ணீரைத் தடுக்கும் குடை பாராகுவாஸ். இவை ஆண்பால், ஒன்றே ஒன்று வாங்கினாலும் கடைசி 'ஸ்' போகாது.

வினைச்சொல்லும் நினைவுக்கு வரவில்லையா? 'எஸ் கோமோ உனா குச்சாரா, பேரோ மாஸ் கிராந்தே' (ஸ்பூன் மாதிரி, ஆனால் பெரியது) என்றால் 'குச்சாரோன்' கிடைக்கும். நம் குழம்புக் கரண்டிதான்.

மூன்றாம் படி: பதிலைப் பிடிப்பது. ஸ்பானிய மொழியில் பி (b), வி (v) இரண்டு எழுத்துக்கும் ஒரே ஒலி. ஹெச் வாயே திறக்காது. காதில் விழுந்ததை மட்டும் நம்பி அகராதியைப் புரட்டினால் அலைச்சல்தான். 'கோமோ சே எஸ்க்ரீபே?' (எப்படி எழுதுவது?) என்று கேளுங்கள். மெக்சிகோவில் 'பே கிராந்தே ஓ பே ச்சீக்கா?' (பெரிய பே-யா, சின்ன பே-யா? அதாவது b-யா, v-யா?) என்று கேட்டால் எந்த எழுத்து என்று சொல்லிவிடுவார்கள். கூடவே 'எல் ஓ லா?' (ஆண்பாலா, பெண்பாலா?) என்றும் கேட்டுவிடுங்கள். ஈற்றெழுத்தை நம்ப முடியாது: 'ஓ'வில் முடிந்தாலும் கை பெண்பால், 'லா மானோ'; 'ஆ'வில் முடிந்தாலும் பிரச்சினை ஆண்பால், 'எல் ப்ரோப்லேமா'.

குறித்துக்கொள்ளச் சட்டைப்பைக்குள் அடங்கும் நோட்டு போதும். மொழிபெயர்ப்புச் செயலியைக் கடையில் நான் எடுப்பதே இல்லை. ஸ்க்ரூடிரைவருக்கு அது 'தெஸ்தோர்னியாதோர்' என்று ஸ்பெயின்காரர் சொல்லைத் தரும். மெக்சிகோ கடைக்காரர் 'தெசார்மதோர்' என்பார். பல்பு மெக்சிகோவில் ஃபோக்கோ, ஸ்பெயினில் பொம்பீயா, கொலம்பியாவில் பொம்பீயோ, சிலியில் ஆம்போயெத்தா. அதனால் ஊர் மாறினால் 'கோமோ லே திசென் அக்கீ ஆ எஸ்தோ?' (இங்கே இதை என்னவென்று சொல்வீர்கள்?) என்று கேட்பதே நல்லது. வீட்டுக்கு வந்தபின் சரிபார்க்க ஸ்பானிய மொழிக்கான அரசக் கழகமான ரெயால் அக்காதெமியா எஸ்பன்யோலாவின் இணைய அகராதி இருக்கிறது. இலவசம்தான்.

பின்சேர்க்கை: பதில் புரியாமல் 'கே?' (என்ன?) என்றால் முகம் சுளிக்கிறார்கள் என்று ஒரு வாசகர் எழுதியிருந்தார். மெக்சிகோவில் அது வெடுக்கென்று ஒலிக்கும், 'மாந்தே?' என்பதே அங்கே பணிவு. ஸ்பெயினில் 'பெர்தோன்?' போதும்.

இன்னொருவர், கடைக்காரர் விடாமல் ஆங்கிலத்திலேயே பேசினால் என்ன செய்வது என்று கேட்கிறார். சிரித்தபடி 'என் எஸ்பன்யோல், போர் ஃபபோர்' (தயவுசெய்து ஸ்பானிய மொழியில்) என்று சொல்லிவிட்டு நிறுத்தாமல் அடுத்த வாக்கியத்தைத் தொடங்கிவிடுங்கள். பின்னால் நாலு பேர் காத்திருந்தால் மட்டும் வேண்டாம். பொருளை வாங்கிக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.