ரெசொல்யூட் பே டு கிரைஸ் ஃபியோர்ட்: ஆகாய தூரம் நாமளே கணக்கு போடலாம்

இந்த ரெண்டு ஊரும் கனடாவோட வடகோடில இருக்கற நூனவுட் பிரதேசத்துல இருக்கு, அங்க ஊருக்கு ஊர் ரோடே கிடையாது, ரோடு மேப்ல தூரம் கேட்டா கைய விரிச்சிடும். அதனால ஒரு ஸ்ப்ரெட்ஷீட்ட திறங்க.

1. ரெண்டு ஊரோட ஏர்போர்ட் பாயின்ட் எடுங்க, ஊர் நடுவுல பின் குத்தாதீங்க, ஏன்னா ரெசொல்யூட்ல ஏர்போர்ட் ஊர விட்டு சில கிலோமீட்டர் தள்ளி இருக்கு. ரெசொல்யூட்: வடக்கு 74.717, மேற்கு 94.969. கிரைஸ் ஃபியோர்ட்: வடக்கு 76.426, மேற்கு 82.909. ஷீட்ல மேற்குக்கு மைனஸ் போடுங்க.

2. 74 டிகிரி 43 நிமிஷம்னு போட்டிருந்தா அது 74.43 இல்ல, 43-ஐ 60-ஆல வகுக்கணும். அப்படியே போட்டீங்கன்னா 30 கி.மீ-க்கு மேல உதைக்கும்.

3. இங்கதான் நிதானமா வரணும். ஒரு டிகிரின்னா 111 கி.மீ-ங்கறது வடக்கு-தெற்குக்கு சரி, ஆனா கிழக்கு-மேற்குக்கு அது பூமத்திய ரேகைல மட்டும்தான், மேல போகப்போக தீர்க்கரேகை எல்லாம் ஆரஞ்சு சுளை மாதிரி துருவத்துல போய் ஒட்டிக்கும், இந்த ரெண்டு ஊரோட சராசரி அட்சரேகையான 75.57-ல ஒரு டிகிரி வெறும் 27 கி.மீ சொச்சம்தான். வித்தியாசம் 12.06 டிகிரி, அத 111-ஆல பெருக்கினா 1,339 வந்து நிக்கும், சுத்த அபத்தம். அதே கணக்க சராசரி அட்சரேகையோட காஸால (கொசைன், ஷீட்ல COS) பெருக்குங்க (0.249), 334 ஆயிடும். வடக்கு-தெற்கு 1.709 டிகிரி, 190 கி.மீ. இப்ப பித்தாகரஸ்: 384 கி.மீ. முடிஞ்சுது.

மேப்ல பாத்தா இத விட ரொம்ப தூரமா தெரியும், மெர்கேட்டர்ங்கற வழக்கமான தட்டை உலக மேப் அவ்ளோ வடக்குல எல்லாத்தையும் நாலு மடங்கு இழுத்து காட்டும், அத நம்பி ஸ்கேல் வைக்காதீங்க.

4. சரிபார்க்க ஹாவர்சைன் போடுங்க, உருண்டை மேல ரெண்டு புள்ளிக்கு நடுவுல தூரம் சொல்ற சூத்திரம் அது. அதுல ஏடான்2 (ATAN2) வேண்டாம், எக்ஸெல்ல அதுக்குள்ள எக்ஸ் முன்னாடி வரும், மத்த இடத்துல ஒய் முன்னாடி, வீண் தலைவலி. ஏசினே (ASIN) போதும். காஸ், சைன் எதுக்குள்ள போட்டாலும் முதல்ல டிகிரிய ரேடியனா மாத்தற ரேடியன்ஸ் (RADIANS) மறக்காதீங்க. பூமியோட ஆரம் 6,371 கி.மீ-னு வச்சா 383 வரும், பூமி துருவத்துல லேசா தட்டி இருக்கறதையும் சேர்த்துக்கற டூல்ல 385. ட்வின் ஆட்டர்ங்கற குட்டி விமானத்துல ஒன்றரை மணி நேரம்னு வச்சுக்கங்க, கிரைஸ் ஃபியோர்ட்ல இருக்கறது குட்டி சரளைக்கல் ரன்வே, பெரிய ஜெட் எல்லாம் இறங்காது.

பயிற்சிக்கு கியூபெக்கோட இனுக்ஜுவாக் டு கிரைஸ் ஃபியோர்ட் போட்டு பாருங்க, 2,000 கி.மீ பக்கம் வரும். 1953-ல கனடா அரசாங்கம் இனுயிட் (ஆர்க்டிக் பழங்குடி) குடும்பங்கள அவ்ளோ தூரம் கொண்டுபோய் குடியேத்துச்சு, மன்னிப்பு கேட்டது 2010-ல.

அப்டேட்: கமென்ட்ல நிறைய பேருக்கு வேல்யூ எரர் (#VALUE!) வருதாம். இணையத்துல இருந்து காப்பி பண்ற மைனஸ் குறி சில நேரம் கீபோர்டு மைனஸ் இல்ல, ஷீட் அத எழுத்துன்னு நினைச்சுக்கும், அழிச்சுட்டு கையால அடிங்க. இன்னொருத்தருக்கு 3,200 வந்திருக்கு, ஒரு ஊருக்கு மைனஸ் போட்டு இன்னொண்ணுக்கு விட்டிருக்கார், கணக்கு துருவத்த தாண்டி ரஷ்யா பக்கம் போயிடுச்சு.